சிங்க் அடி கப்போர்டு ஊறிப்போனால்: கசிவைப் பிடிப்பது முதல் புதுத் தட்டு போடுவது வரை

சிங்க்குக்குக் கீழே இருக்கும் கப்போர்டில் தரைத்தட்டு உப்பி, மைக்கா கிளம்பி, கதவு இடிக்க ஆரம்பித்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் தச்சருக்குத்தான் போன் போகிறது. அவரும் வந்து தட்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் புதுத் தட்டும் அதே இடத்தில் உப்பும். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். முதலில் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு அடைக்க வேண்டும், அதன்பின் மரத்தை முழுக்கக் காயவிட வேண்டும். தச்சு வேலை எல்லாவற்றுக்கும் பிறகு. புதிதாகப் போடும் தட்டும் அடுத்த கசிவை மறைத்து வைக்காமல் உடனே காட்டிக்கொடுக்கும்படி அமைய வேண்டும். சிங்க் இருக்கும் இடத்தில் என்றாவது ஒருநாள் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். அது ஆறு மாதம் யாருக்கும் தெரியாமல் சொட்டும்போதுதான் கப்போர்டு போகிறது.

கீழே வரும் அளவுகள் தமிழ்நாட்டு அடுக்குமாடி வீடுகளில் பரவலாக இருக்கும் மாடுலர் கிச்சனுக்கானவை: மேலே கிரானைட் மேடை, 900 மி.மீ. அகலம், 560 மி.மீ. ஆழம், 720 மி.மீ. உயரமுள்ள பெட்டி, 18 மி.மீ. பலகை, அடியில் 100 மி.மீ. பிளாஸ்டிக் கால்கள், முன்னால் அந்தக் கால்களை மறைக்கும் ஸ்கர்ட்டிங் பட்டை. செங்கல் சுவரிலோ கடப்பா தடுப்பிலோ மேடை நின்று, முன்னால் கதவு மட்டும் போட்ட பழைய அமைப்பு என்றால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். கசிவு பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும்.

கை வைக்கும் முன்

கப்போர்டை முழுக்கக் காலி செய்யுங்கள். ஆர்.ஓ. பிளக்கோ சின்ன கீசரோ உள்ளே இருந்தால் சுவிட்சை அணைத்தால் போதாது, மெயின் பெட்டியில் அந்த இணைப்புக்கான எம்சிபியை (பாதுகாப்பு சுவிட்சை) இறக்குங்கள். பக்கத்துக் கப்போர்டில் கேஸ் சிலிண்டர் இருந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரை பால்கனிக்குக் கொண்டுபோய் நிமிர்த்தி வையுங்கள். மைக்கா ஒட்டும் ரப்பர் பசை, தின்னர் இரண்டின் ஆவியும் தீப்பற்றக்கூடியவை. அவற்றைப் பயன்படுத்தும் நாளில் அடுப்பும் எரியக்கூடாது, சாமி விளக்கும் எரியக்கூடாது.

கதவுகளைக் கழற்றிவிடுங்கள். கிளிப் கீலாக இருந்தால் பின்பக்க நாக்கை அழுத்தினாலே கழன்று வரும். ஸ்கர்ட்டிங் பட்டையையும் எடுத்துவிட்டு டார்ச் அடித்து அடியில் பாருங்கள். பல வீடுகளில் கேள்விக்கான பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

தண்ணீர் எந்த வழியில் வருகிறது

வழி ஐந்துதான். அடுத்தடுத்துச் சோதித்தால் ஓரிரு நாளில் பிடித்துவிடலாம். முதலில் எல்லாவற்றையும் துணியால் துடைத்து ஈரம் இல்லாமல் செய்யுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் செய்தித்தாள் துண்டைத் தனித்தனியாக வையுங்கள். எந்தத் தாள் நனைகிறது, எப்போது நனைகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

முதல் வழி, குழாய்க்கு வரும் நல்ல தண்ணீர். அந்த இணைப்பில் எப்போதும் அழுத்தம் இருக்கும். அதனால் யாரும் சிங்க்கைத் தொடாத இரவிலும் தாள் நனைந்தால் சுவரில் இருக்கும் சின்ன ஆங்கிள் வால்வு, அதிலிருந்து சிங்க் குழாய்க்கு ஏறும் கனெக்‌ஷன் பைப், ஆர்.ஓ.வுக்குப் போகும் கால் அங்குலக் குழாய் ஆகிய மூன்றில் ஒன்றுதான். போர் தண்ணீர் வரும் வீடுகளில் மெதுவான கசிவு வெள்ளை உப்புப் படிவாக நட்டைச் சுற்றிப் பூத்திருக்கும். தாள் நனையாவிட்டாலும் அந்த உப்பை நம்புங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து சொட்டு மட்டும் என்றால் அது விழுவதற்குள் காய்ந்துவிடும், உப்பு மட்டும் மிஞ்சும்.

இரண்டாவது வழி, கழிவுநீர். இது சிங்க்கைப் பயன்படுத்தும்போது மட்டுமே கசியும். வெறுமனே குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தால் தெரியாது, வேகம் போதாது. வடிகாலை அடைத்து சிங்க்கை விளிம்புவரை நிரப்பி, ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். நிரம்பும்போதே சொட்டினால் வேஸ்ட் கப்ளிங்கின் (சிங்க்கின் வடிகால் ஓட்டையில் பொருந்தும் பாகத்தின்) மேல் விளிம்பு. தண்ணீர் மேல் ஓட்டையைத் தொட்டதும் சொட்டினால் ஓவர்ஃப்ளோ குழாயின் வாஷர். இதைப் பெரும்பாலும் யாரும் சோதிப்பதில்லை. வடியும்போது சொட்டினால் பாட்டில் டிராப்பின் (கப்ளிங்குக்குக் கீழே நீரைத் தேக்கி நாற்றத்தைத் தடுக்கும் புட்டி வடிவப் பாகத்தின்) நட்டோ அதற்குக் கீழே உள்ள குழாயோ.

மூன்றாவது, சிங்க் விளிம்புக்கும் கிரானைட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. மேடையைத் துடைக்கும்போதும், பாத்திரம் கழுவிய தண்ணீர் மேடையில் தேங்கும்போதும் மட்டுமே கசியும். சிங்க்குக்குள் தண்ணீர் விடாமல், ஒரு டம்ளர் தண்ணீரை விளிம்பைச் சுற்றி மெதுவாக ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். குழாயின் அடிப்பாகத்தைச் சுற்றியும் தனியாக ஊற்றிப் பாருங்கள். அந்த ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீர் கனெக்‌ஷன் பைப்பின் மேலேயே வழிந்து வந்து, பைப் கசிவதுபோல ஏமாற்றும்.

நான்காவது, சுவர். பின்பலகை கீழிருந்து மேலாக ஊறி, சுவரில் பெயின்ட் உதிர்ந்து, குழாய்களைத் தொட்டால் ஈரமில்லை என்றால் சந்தேகம் சுவருக்குள் போகும் குழாய் மீதோ, மறுபக்கம் இருக்கும் குளியலறை மீதோ போக வேண்டும். ஓரடிக்கு ஓரடி தெளிவான பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் முத்து நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இது உறுதியானால் கப்போர்டு வேலையை அங்கேயே நிறுத்துங்கள். சுவரைச் சரிசெய்யாமல் போடும் எந்தப் பலகையும் வீண்.

ஐந்தாவது வழியைப் பலர் கசிவாகவே நினைப்பதில்லை. தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம்தான் அது. ஸ்கர்ட்டிங் அடியில் புகும் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி நிற்கும். கால்கள் இல்லாமல் பக்கப்பலகை நேராகத் தரையில் நிற்கும் கப்போர்டுகளில் அந்த நீரைப் பலகை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொள்ளும். சேதம் தரையிலிருந்து ஒரே உயரத்துக்கு, எல்லாக் கப்போர்டிலும் வரிசையாக இருந்தால் காரணம் இதுதான்.

கறுப்பான, நாற்றமடிக்கும் நீர் தரை ஓட்டையைச் சுற்றி நின்றால் அது கசிவல்ல. அடைப்பால் கழிவுநீர் மேலேறுகிறது. முதலில் அடைப்பை எடுங்கள்.

கசிவை அடைப்பது

ஆங்கிள் வால்வும் கனெக்‌ஷன் பைப்பும் பழையவை என்றால் இறுக்கிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டையும் மாற்றிவிடுங்கள். பித்தளை வால்வு அரை அங்குலம், பைப் 18 அல்லது 24 அங்குலம், எஃகு வலை சுற்றியது. வாங்கும்போது பைப்பின் நட்டு பித்தளையா என்று பாருங்கள். மேலே பளபளக்கும் மலிவான உலோக நட்டுகள் உப்புத் தண்ணீரில் விரிசல் விடும், அதுவும் பெரும்பாலும் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில்தான் நமக்குத் தெரியவரும்.

மேல்தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடி, குழாயைத் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள். சுவருக்குள் திருகும் வால்வின் மரையில் டெஃப்லான் டேப்பை, மரை உங்களைப் பார்த்திருக்க, வலச்சுற்றாக 8 முதல் 10 சுற்று இழுத்துச் சுற்றுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் டேப் மெல்லியது, மூன்று சுற்று போதாது. ஆனால் கனெக்‌ஷன் பைப்பின் நட்டுக்கு டேப் வேண்டாம். அங்கே தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். டேப் சுற்றினால் நட்டு முழுதாக ஏறாமல் வாஷர் சரியாக அழுந்தாது. கையால் இறுகும்வரை திருகி, அதற்குப் பின் ஸ்பேனரால் கால் சுற்று. அவ்வளவுதான்.

ஆர்.ஓ. குழாயின் முனை கோணலாக வெட்டப்பட்டிருந்தால் அழுத்திச் செருகும் இணைப்பில் எப்போதும் கசியும். பிளேடால் நேராக வெட்டி, தடை தட்டும்வரை உள்ளே தள்ளுங்கள்.

கழிவுநீர்ப் பக்கத்தில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. சோறு வடித்த கஞ்சி, முறுக்கு மாவு பிழிந்த பாத்திரத்தில் ஊற்றிய கொதிநீர், இடியாப்பம் அவித்த சூட்டு நீர் எல்லாம் நேராக சிங்க்குக்குள் போகிறது. சாதாரண பிவிசி ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். மடிப்பு மடிப்பாக நீளும் வெள்ளை வேஸ்ட் பைப் சூட்டில் தொய்ந்து, நட்டிலிருந்து மெல்ல நழுவும். தொய்ந்த இடத்தில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் தங்கி அடைக்கும். அந்தப் பைப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, 40 மி.மீ. பாட்டில் டிராப்பும் விறைப்பான குழாயும் போடுவது நல்லது. கிடையாகப் போகும் பகுதிக்கு மீட்டருக்கு 25 மி.மீ. சரிவு கொடுங்கள். கஞ்சியைக் கொட்டும்போது குளிர்ந்த நீர்க் குழாயையும் திறந்துவிடும் பழக்கம் இருந்தால் எந்தக் குழாயும் கூடுதல் காலம் உழைக்கும்.

வேஸ்ட் கப்ளிங் கசிந்தால் அதை முழுதாகக் கழற்றுங்கள். மேலே சிலிகானை அப்பிப் பயனில்லை. விளிம்பின் அடியில் இருந்த பழைய பிசினைச் சுரண்டி, துடைத்து, காயவைத்து, சிலிகானை ஒரு சீரான வளையமாக வைத்து மேலிருந்து அழுத்துங்கள். கீழே ரப்பர் வாஷர், அதற்கடியில் வழவழப்பான பிளாஸ்டிக் வாஷர், கடைசியில் நட்டு. வரிசை மாறினால் நட்டு திரும்பும்போது ரப்பர் சுருண்டுகொள்ளும். இறுக்கும்போது மேலே ஒருவர் கப்ளிங்கைச் சுழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சிங்க் விளிம்புக்கு நியூட்ரல் வகை சிலிகான் வாங்குங்கள். காடி வாசனை அடிக்கும் அசெட்டிக் வகை மலிவு, ஆனால் கிரானைட்டில் கறைக்கோடு விடக்கூடும். 280 மி.லி. டியூப் ஒன்று ஒரு சிங்க்குக்கும் கப்போர்டுக்கும் சேர்த்துப் போதும். பழைய சிலிகான் மேல் புதியது ஒட்டாது. பிளேடால் முழுக்க எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, இரவு முழுதும் காயவிட்டு, 5 மி.மீ. தடிமனில் ஒரே இழுப்பாகப் போடுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. சமைக்கும் வீட்டில் இது கஷ்டம்தான், அதனால் இரவு சாப்பாடு முடிந்த பிறகு போட்டுவிட்டு மறுநாள் பாத்திரத்தை வாஷ் ஏரியாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

காயவிடுதல்

மேல்பக்கம் தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டிய பலகையில் நீர் வெளியேற வழியே இல்லை. உப்பிய இடத்தில் மைக்காவையும் ஓரப் பட்டையையும் உரித்துவிடுங்கள், எப்படியும் அவை திரும்ப ஒட்டாது. மேஜை விசிறியைக் கப்போர்டுக்குள் நேராகத் திருப்பி வையுங்கள். பங்குனி, சித்திரையில் நாலைந்து நாளில் காயும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு வாரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. ஹேர் டிரையர் வேண்டாம், மேல்தோலை மட்டும் காயவைத்துப் பலகையை முறுக்கிவிடும். கிண்ணத்தில் கல் உப்பு வைப்பதும், ரசகற்பூர உருண்டை போடுவதும் ஊறிய பலகைக்கு எதுவும் செய்யாது.

ஈரமானி கிடைத்தால் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காத்திருங்கள். இல்லாவிட்டால் சேதமில்லாத பக்கத்துக் கப்போர்டின் பலகையையும் இதையும் மாறி மாறிப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஈரப்பலகை சில்லென்று இருக்கும்.

பூஞ்சை 24 முதல் 48 மணி நேரத்திலேயே முளைக்கத் தொடங்கும். கறுப்போ பச்சையோ தெரிந்தால் உலர் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், வித்துகள் சமையலறை முழுக்கப் பறக்கும். என்95 மாஸ்க், கையுறை போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு வெள்ளை வினிகரைத் தெளித்து ஒரு மணி நேரம் விட்டுத் துடையுங்கள். பிளீச்சிங் திரவம் மரத்தில் மேல்நிறத்தை மட்டும் வெளுக்கும். அதிலுள்ள தண்ணீர் உள்ளே இறங்கி மரத்தை இன்னும் நனைக்கும். பிளீச்சிங்கையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். மூடிய கப்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை செய்யும்போது அது விளையாட்டில்லை.

மண்கோடு ஏறியிருந்தால் கரையான். மேலே மருந்தடித்துவிட்டு வேலையைத் தொடராமல், பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களை அழைத்துத் தரை ஓரம் முழுவதும் மருந்து செலுத்திய பிறகு தொடருங்கள்.

எதைக் காப்பாற்றலாம், எதை எடுத்துவிட வேண்டும்

பலகை என்ன வகை என்று வெட்டு ஓரத்தில் பாருங்கள். துருவல் துருவலாகத் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. மாவுபோல ஒரே சீராக இருந்தால் எம்டிஎஃப். அடுக்கடுக்காக இருந்தால் பிளைவுட். ஒரே வெள்ளை நுரையாக இருந்தால் பிவிசி. அது ஊறாது, உங்கள் பிரச்சினை வேறு.

பார்ட்டிகிள் போர்டைப் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையால் அழுத்திச் செய்கிறார்கள். அந்தப் பசை ஈரத்தில் விட்டுவிடும், அழுத்தப்பட்டிருந்த துருவல் விரியும். காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. டீயில் நனைந்த ரஸ்க்கைக் காயவைத்தால் என்ன ஆகுமோ அதுதான். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளை வேறு ரகம். அதில் பீனால் ஃபார்மால்டிஹைடு பசை, 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கப்படுவது. அதன் மைக்கா கிளம்பியிருந்தாலும் உள்ளே பலகை நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு திருப்புளியை எடுத்து இரண்டு அங்குலத்துக்கு ஒரு இடம் வீதம் குத்திப் பாருங்கள். முனை 3 மி.மீ.க்கு மேல் இறங்கினால் அந்த இடம் போயிற்று. தடிமனையும் அளந்து பாருங்கள். 18 மி.மீ. பலகை எங்காவது 20ஐத் தாண்டியிருந்தால் பட்டி பூசிச் சமப்படுத்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

பிளை உறுதியாக இருந்து மைக்கா மட்டும் கிளம்பியிருந்தால் வேலை எளிது. 80 நம்பர் உப்புத்தாளால் பழைய பசையைத் தேய்த்தெடுங்கள். ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற ரப்பர் பசையைப் பலகையிலும் 1 மி.மீ. மைக்காவின் முதுகிலும் மெல்லியதாகத் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை, சுமார் 10 முதல் 15 நிமிடம் காத்திருந்து ஒட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் ஆவி வெளியேற முடியாமல் குமிழ் எழும்பும். ஒருமுறை தொட்டால் நகர்த்த முடியாது, ஆகவே ஓரத்தை முதலில் சரிபார்த்துக்கொண்டு நடுவிலிருந்து வெளியே நோக்கித் தேய்த்து அழுத்துங்கள். அடுக்கு பிரிந்த பிளை ஓரத்துக்குள் அரால்டைட் போன்ற எபாக்ஸியைக் கத்தி முனையால் ஊட்டி, இருபக்கமும் பாலித்தீன் வைத்து கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடலாம்.

கீலின் ஸ்குரூ துளை பெரிதாகியிருந்தால், அதே துளையில் தீக்குச்சி அடைத்து மாட்டுவது சில மாதம்தான் நிற்கும். கீல் தட்டை ஓர் அங்குலம் மேலே நகர்த்திப் புதுத் துளை போடுங்கள். கதவிலும் அதற்கேற்பக் கீலின் கிண்ணம் உட்காரும் வட்டத்துளையை மாற்ற வேண்டும் என்பதால், அதற்கு மனமில்லாவிட்டால் பழைய துளையை 10 மி.மீ. ஆக்கி, மரக்குச்சியை ஃபெவிகால் மரைன் தடவி அடித்து, மறுநாள் 3 மி.மீ. துளை போட்டுத் திருகலாம்.

தரைத்தட்டை மாற்றுவது

இங்கே அவசரப்பட்டால் மேடைக்கே ஆபத்து. பிளாஸ்டிக் கால்களைத் தரைத்தட்டின் அடியில்தான் ஸ்குரூ போட்டிருப்பார்கள். தட்டை வெட்டி எடுத்தால் கால் பிடிமானம் இழக்கும், பக்கப்பலகை அந்தரத்தில் நிற்கும், அதன் மேல் கிரானைட். 20 மி.மீ. கிரானைட் ஒரு சதுர மீட்டருக்கு 54 கிலோ வரும். சிங்க் ஓட்டை வெட்டிய இடத்தில் கல் ஏற்கெனவே பலவீனமாக இருக்கும். அரை அங்குலம் இறங்கினாலும் அங்கேதான் விரிசல் விடும்.

ஆகவே முதல் வேலை முட்டுக்கொடுப்பது. ஒவ்வொரு பக்கப்பலகைக்கும் அடியில், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என நான்கு இடத்தில் கடப்பா கல் துண்டுகளை அடுக்கி, மேலே மெல்லிய பிவிசி ஆப்பு வைத்து இறுக்குங்கள். அசைத்தால் ஆடக்கூடாது. இவை அப்படியே நிரந்தரமாக இருக்கட்டும், பிளாஸ்டிக் காலைவிட நல்ல தாங்கல். கல் தண்ணீரை மேலே ஏற்றிவிடாமல் இருக்க ஆப்பு பிவிசியாக இருப்பது அவசியம்.

தேவையான பொருள்கள்: 18 மி.மீ. டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) அல்லது பிவிசி பலகை சுமார் 3 அடிக்கு 2 அடி, 40-க்கு 25 மி.மீ. டபிள்யூபிசி ரீப்பர் (தட்டைத் தாங்கும் நீளச் சட்டம்) 3 மீட்டர், 8 நம்பர் 40 மி.மீ. 304 ரக எஃகு ஸ்குரூ 40 எண்ணம், சிலிகான். முழு ஷீட் 8-க்கு 4 அடி என்பதால் தச்சர்களிடம் கிடக்கும் வெட்டுத்துண்டைக் கேட்டு வாங்குவதே லாபம். பிளைவுட்தான் வேண்டும் என்றால் ஐஎஸ் 710 மட்டும். அடிப்பக்கமும் நான்கு ஓரமும் குழாய்த் துளையின் உள்வட்டமும் உட்பட எல்லாப் பக்கமும் இரண்டு கோட் எனாமல் அடித்த பிறகே பொருத்த வேண்டும். சிங்க் கப்போர்டுகளில் தண்ணீர் முதலில் நுழைவது குழாய்க்காக வெட்டி, எதுவும் பூசாமல் அப்படியே விட்ட அந்த ஓரத்தில்தான்.

வெட்டும்போது பக்கப்பலகையிலிருந்து 25 மி.மீ. உள்ளே தள்ளிக் கோடு போடுங்கள். மூலைகளில் 10 மி.மீ. துளையிட்டு ஜிக்சா அல்லது மல்டிடூலால் வெட்டுங்கள். பிளேடு 20 மி.மீ.க்கு மேல் இறங்க வேண்டாம், அடியில் கழிவுக்குழாய் கிடையாக ஓடலாம். நடுப்பகுதி வந்த பிறகு ஓரத்தில் மிஞ்சிய பட்டையை உளியால் பெயர்த்து, பக்கப்பலகையிலிருந்து துருத்தும் ஸ்குரூக்களை ஆக்ஸா பிளேடால் அறுத்துவிடுங்கள். உள்ளே சேர்ந்திருக்கும் குப்பை, கரப்பான் முட்டை, பழைய சிமென்ட் எல்லாவற்றையும் வாரி எடுத்துத் தரையைத் துடைத்து ஒரு நாள் விசிறி போடுங்கள். தரை ஓட்டைக்குள் இறங்கும் குழாயைச் சுற்றி இடைவெளி இருந்தால் ரப்பர் மூடியோ சிலிகானோ போட்டு அடைக்க இதுவே நேரம். கரப்பான் வரும் வழியும் அதுதான்.

இப்போது ரீப்பர். இரண்டு பக்கப்பலகையிலும் கிடையாக ஒவ்வொன்று, முன்னால் குறுக்காக ஒன்று, நடுவில் முன்னிருந்து பின்னாக ஒன்று. பழைய தட்டின் மேல்மட்டத்தை முன்னமே பென்சிலால் குறித்திருந்தால் அதிலிருந்து 18 மி.மீ. கீழே ரீப்பரின் தலை வர வேண்டும். பின்முனையை மட்டும் முன்முனையைவிட 4 மி.மீ. உயர்த்துங்கள். ரசமட்டத்தில் குமிழ் சற்றே பின்னால் ஒதுங்கியிருக்கும். இந்தச் சரிவால் எங்கே சொட்டினாலும் தண்ணீர் முன்னால் ஓடிவந்து தரையில் விழும், காலில் படும், யாராவது கேட்பார்கள். பழைய தட்டில் அது பின்மூலையில் ஒளிந்து தேங்கியது. நடு ரீப்பருக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கால் கொடுங்கள், 20 லிட்டர் கேன் வைத்தாலும் தொய்யாது.

900 மி.மீ. பெட்டியில் உள்ளகலம் 864. இரு பக்கமும் 3 மி.மீ. இடைவெளி, நடுவில் 2 மி.மீ. விட்டால் தட்டின் ஒவ்வொரு பாதியும் 428 மி.மீ. ஒரே பலகையாக வெட்டினால் கழிவுக்குழாய் நடுவில் நிற்பதால் உள்ளே போகாது. இரண்டாகப் பிரித்து, இணைப்புக் கோடு குழாய்த் துளை வழியாகவும் நடு ரீப்பரின் மேலேயும் வரும்படி அமையுங்கள். துளை குழாயைவிடச் சுற்றிலும் 5 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். 3 மி.மீ. முன்துளை போட்டு, 150 முதல் 200 மி.மீ.க்கு ஒரு ஸ்குரூ. பிவிசி பலகையில் டிரில் மெஷினை முழுவேகத்தில் விட்டு ஸ்குரூவை முறுக்கினால் மரை பிய்ந்துவிடும், கடைசி இரண்டு சுற்றைக் கையால் முடியுங்கள். பசை எதுவும் வேண்டாம். பிற்காலத்தில் ஸ்குரூவைக் கழற்றி சிலிகானைக் கீறினால் தட்டு வெளியே வர வேண்டும். இணைப்புக் கோடு, ஓரங்கள், குழாய்த் துளை எல்லாவற்றிலும் சிலிகான் போட்டு விரலால் வழித்துவிடுங்கள். முன் ஓரத்தில் மட்டும் போட வேண்டாம்.

தட்டே வேண்டாம் என்பதும் நல்ல யோசனைதான், பல தச்சர்கள் சொல்லத் தயங்கினாலும். முன்னாலும் பின்னாலும் 100 மி.மீ. அகலப் பட்டையை மட்டும் பக்கப்பலகைகளைப் பிடித்துக்கொள்ள வைத்துவிட்டு, நடுவைத் திறந்தே விட்டால் கீழே டைல்ஸ்தான். குப்பைக்கூடை தரையில் நிற்கும், தண்ணீர் பட்டாலும் துடைத்தால் போதும். கடப்பா கல்லைத் தட்டாகப் போடுவதும் உண்டு. 20 மி.மீ. தடிமனில் இந்த அளவுக்குச் சுமார் 25 கிலோ வரும், ஸ்குரூ போட்ட ரீப்பர் தாங்காது. தரையிலிருந்து செங்கல் முட்டு தேவை.

பக்கப்பலகையின் அடி ஊறியிருந்தால்

தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் மட்டும் போயிருந்தால் முழுப் பலகையை மாற்ற வேண்டியதில்லை. சேதத்துக்கு 25 மி.மீ. மேலே கிடையாக வெட்டியெடுத்து, அதே தடிமன் டபிள்யூபிசி பட்டையைப் பொருத்தி, உள்பக்கம் 150 மி.மீ. உயரத்துக்கு இன்னொரு பட்டையை வைத்து, பழைய பலகை, புதுப் பட்டை இரண்டோடும் சேர்த்து ஸ்குரூ போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். வெட்டும் பக்கத்தில் கிரானைட்டின் அடியிலேயே நேராக மரக்கட்டை முட்டுக்கொடுத்திருக்க வேண்டும். சேதம் கீல் உயரம்வரை ஏறியிருந்தால் இதை வீட்டில் முயல வேண்டாம், மேடையைத் தாங்கிப் பிடித்துப் பெட்டியையே மாற்றும் ஆட்களிடம் விடுங்கள்.

மூடுவதற்கு முன் சோதனை

சிலிகான் காய்ந்த மறுநாள் செய்தித்தாள் சோதனையை முழுதாகத் திரும்பச் செய்யுங்கள். இரவு முழுக்க மூடிய வால்வுடன் ஒருமுறை, திறந்த வால்வுடன் ஒருமுறை, நிரப்பித் திறந்து ஒருமுறை, கொதிநீர் ஊற்றி ஒருமுறை. கடைசிச் சோதனையை விட்டுவிட வேண்டாம், குளிர்நீரில் பிடித்து நிற்கும் நட்டு சூட்டில் தளரும். தட்டின் பின்மூலையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி அது முன்னால் வருகிறதா என்றும் பாருங்கள்.

கதவுகளை மாட்டும் முன் அவற்றின் அடி ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். பல கதவுகளில் அந்த ஓரத்துக்கு மட்டும் பட்டை ஒட்டியிருக்க மாட்டார்கள், குனிந்தால்தானே தெரியும். இரண்டு கோட் எனாமல் அடித்து மாட்டுங்கள். ஸ்கர்ட்டிங்கை ஆணியடிக்காமல் கிளிப்பில் மாட்டுங்கள், அடியில் ரப்பர் உதடு உள்ள அலுமினியப் பட்டை கிடைத்தால் தரை கழுவும் தண்ணீர் உள்ளே புகாது. உள்ளே ரெக்சின், செய்தித்தாள், பழைய காலண்டர் எதையும் விரிக்க வேண்டாம். ஈரத்தை மறைத்து வைப்பது அவைதான். பினாயில், ஆசிட் பாட்டில்களை ஒரு பிளாஸ்டிக் டிரேயில் வையுங்கள், ஆசிட் சிந்தினால் எஃகு ஸ்குரூவும் கீலும் துருப்பிடிக்கும்.

புது வாஷர்கள் முதல் சில வாரங்களில் சற்று அழுந்தி உட்காரும். ஒரு மாதம் கழித்துப் பாட்டில் டிராப் நட்டுகளைக் கையால் மட்டும் ஒருமுறை இறுக்குங்கள். கனெக்‌ஷன் பைப்பை மாற்றிய தேதியைக் கதவின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள். ஐந்து ஆண்டு ஆனதும் கசியாவிட்டாலும் மாற்றிவிடலாம்.